கனமான டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க ‘லோ’ ஏன்? கிளட்ச் கருகாம இருக்க இதைத் தெரிஞ்சுக்கோங்க!

முன்னால் ஓட்டும்போது சமத்தாகப் பின்னாடியே வரும் டிரெய்லர், ரிவர்ஸ் போட்டதும் அடம்பிடிக்க ஆரம்பிச்சிடும். ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடது பக்கம் போகும். அதிலும் 2 டன், 3 டன் எடையோடு மேட்டில் பின்னால் ஏற்றணும்னா, கொஞ்ச நேரத்திலேயே கிளட்ச் கருகும் வாடை வந்துவிடும். இதற்கான தீர்வு பல வண்டிகளில் ஏற்கெனவே இருக்கு. அதுதான் ‘லோ ரேஞ்ச்’.

லோ ரேஞ்ச் என்றால் என்ன?

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப், ஜீப் போன்ற வண்டிகளில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ என்று இன்னொரு பெட்டி இருக்கும். எஞ்சின் சக்தியை முன் சக்கரம், பின் சக்கரம் என்று பிரித்துக் கொடுப்பது இதன் வேலை. இதை ‘ஃபோர் லோ’வில் போட்டால், ரிவர்ஸ் உட்பட எல்லா கியரும் இன்னும் மெதுவாகிவிடும். ஜீப் ராங்ளரின் சாதாரண மாடலில் 2.72 மடங்கு, ரூபிகான் மாடலில் 4 மடங்கு. வேகம் எத்தனை மடங்கு குறைகிறதோ, கிட்டத்தட்ட அத்தனை மடங்கு சக்கரத்துக்குப் போகும் திருகு விசை கூடும்.

நம்ம ஊர் டிராக்டரில் இருக்கும் ஹை, லோ லீவரும் இதே கதைதான். 8 முன் கியர், 2 ரிவர்ஸ் என்று சொல்கிறார்களே, அது பெரும்பாலும் 4 கியரும் 1 ரிவர்ஸும்தான். ஹையில் ஒரு தடவை, லோவில் ஒரு தடவை என்று எண்ணுவதால் இரட்டிப்பாகிறது.

கிளட்ச் ஏன் கருகுகிறது?

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பிக்கப்பின் ரிவர்ஸ் கியர் விகிதம் 3.5, பின் ஆக்சில் விகிதம் 4 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 14 சுற்று சுற்றினால் சக்கரம் 1 சுற்று சுற்றும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால், வண்டி மணிக்கு சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் போகும்.

டிரெய்லரைப் பார்த்துப் பார்த்துத் திருப்ப இது அதிக வேகம். அதனால் டிரைவர் கிளட்சைப் பாதி அழுத்தியே வைத்திருப்பார். இதைத்தான் ‘ஹாஃப் கிளட்ச்’ என்கிறோம். எஞ்சின் பக்கம் வேகமாகச் சுற்ற, கியர் பாக்ஸ் பக்கம் மெதுவாகச் சுற்ற, நடுவில் கிளட்ச் பிளேட் உரசி உரசிச் சூடாகும். இழுக்கும் எடை கூடக்கூட சூடும் கூடும்.

அதே வண்டியை 2.5 மடங்கு லோவில் போட்டால் வேகம் மணிக்கு சுமார் 3.2 கிலோமீட்டர். நாம் மெதுவாக நடக்கும் வேகம்தான். கிளட்சில் இருந்து காலை முழுசா எடுத்துவிடலாம். பிளேட் உரசாது, அதனால் கருகவும் கருகாது. ஆக, லோ என்பது வெறும் பலத்துக்கு மட்டும் இல்லை, நிதானத்துக்கும்தான்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் இதில் லாபம் உண்டு. மேட்டில் பாரத்தைப் பின்னால் தள்ளும்போது டார்க் கன்வெர்ட்டரில் ஏறும் சூடு குறையும்.

பின்னால் ஆள் நின்றால்?

முக்கியமான விஷயமே இதுதான். மணிக்கு 8 கிலோமீட்டர் என்றால் வண்டி ஒரு நொடியில் 2 மீட்டருக்கு மேல் நகரும். லோவில் 1 மீட்டருக்கும் குறைவு. பின்னால் நின்று கை காட்டுபவர் தடுக்கி விழுந்தால், அவர் உயிரைக் காப்பாற்றுவது அந்த இடைவெளிதான்.

எப்படிச் செய்வது?

1. வண்டியை முழுசா நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்த பிறகு லோவில் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இதுதான் முறை. உங்கள் வண்டியின் கையேட்டையும் ஒருமுறை பாருங்கள்.
2. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் நகர்கிறதோ, டிரெய்லரும் அந்தப் பக்கம் போகும்.
3. ஆக்சிலரேட்டரைத் தொடாமலே நகரும்னா தொடாதீங்க. கால் பிரேக் மேலேயே இருக்கட்டும்.
4. டிரெய்லர் மடங்க ஆரம்பித்தால் திருத்தப் போராட வேண்டாம். முன்னால் கொஞ்சம் எடுத்து, நேராக்கிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.
5. கை காட்டுபவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

எங்கே போடக் கூடாது?

மண், ஜல்லி, ஈரப் புல் தரையில் ஃபோர் லோ பிரச்சனை இல்லை. காய்ந்த தார், கான்கிரீட் தரையில்தான் சிக்கல். வளைந்து திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும். பல பிக்கப்களில் ஃபோர் லோ போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அப்போது டயர் வழுக்க இடம் இல்லாமல் ஷாஃப்ட், கியரெல்லாம் முறுக்கேறும். நேராகக் கொஞ்ச தூரம் போவது வேறு, ஸ்டீயரிங்கை முழுசா ஒடித்துப் போவது வேறு. நடுவில் சென்டர் டிஃபரன்ஷியல் உள்ள வண்டி என்றால், அதைப் பூட்டாமல் லோவை மட்டும் பயன்படுத்தலாம். டிராக்டரில் பின் சக்கரம் மட்டும் இழுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கடைசியாக ஒன்று. லோ போட்டால் வண்டியின் இழுவை வரம்பு கூடிவிடாது. பிரேக், ஹிட்ச், ஆக்சில் எல்லாம் அதே பழைய பலத்தில்தான் இருக்கும். 3 டன் வரம்புள்ள வண்டிக்கு லோவிலும் 3 டன்தான். வேலை முடிந்ததும் மறக்காமல் ஹைக்கு மாற்றிவிட்டு ரோட்டுக்கு வாங்க.