தனியாள் பாடப் பரிந்துரை

இணையவழிக் கற்றலில் ஒரு மாணவருக்கு அடுத்து எந்தப் பாடத்தைக் கொடுப்பது என்பதைக் கணினி நிரலே முடிவு செய்யும் முறை தனியாள் பாடப் பரிந்துரை எனப்படும். மாணவர் அளித்த விடைகள், அவற்றுக்கு அவர் எடுத்த நேரம், பாதியில் நிறுத்திய காணொளிகள் முதலியவற்றைக் கொண்டு அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று நிரல் ஊகிக்கிறது. அந்த ஊகப்படியே அடுத்த பாடம் வந்து சேருகிறது. இதன் வரலாற்றைக் கணிப்புச் சூத்திரங்கள் நுணுக்கமாகிக்கொண்டே வந்த கதையாக எழுதுவதே வழக்கம். அது பாதி வரலாறுதான். சூத்திரம் எவ்வளவு தேர்ந்ததானாலும் அதன் முன் வைக்கப்படும் சான்று குறைபட்டிருந்தால் பரிந்துரையும் குறைபடும். சான்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலையில் 1990களின் இறுதியில் நடந்த ஒரு வானொலி முயற்சிக்கும் இவ்வரலாற்றில் இடம் கொடுத்தாக வேண்டும்.

ஆளுக்கேற்ற பாடம் என்பது கணினியோடு பிறந்ததல்ல. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் அவரவர் எட்டிய இடத்திலிருந்து படித்தார்கள். முன்னேறியவன் சட்டாம்பிள்ளையாகி மற்றவர்களைக் கவனித்தான். சென்னை எழும்பூர் ஆண் அனாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகும் உள்ளூர்ப் பிள்ளைகளைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டில் இந்த வேலை இயந்திரத்தின் கைக்கு மாறியது. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1950களில் செய்த கற்பிக்கும் இயந்திரம் எல்லாருக்கும் ஒரே வரிசையில்தான் பாடம் நடத்தியது. வேகம் மட்டும் மாணவருடையது. நார்மன் கிரௌடர் அதில் கிளை வழிகளை நுழைத்தார்: தவறான விடையைத் தேர்ந்தவர் அத்தவறை விளக்கும் பக்கத்துக்கு அனுப்பப்படுவார். இன்றைய பரிந்துரைகளின் கரு இந்தக் கிளைதான்.

கிளையைக் கணக்காக மாற்றியவர்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும். 1990களின் நடுப்பகுதியில் அவர்கள் விளக்கிய அறிவுத் தடமறிதல் முறை, ஒவ்வொரு திறனுக்கும் நான்கு நிகழ்தகவுகளைப் பார்க்கிறது: மாணவருக்கு அது முன்பே தெரிந்திருப்பது, பயிற்சியால் தெரியவருவது, தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்வது, தெரிந்தும் கைதவறிப் பிழையாகச் சொல்வது. நான்கில் மூன்றோடு எட்டில் ஒன்றைக் கூட்டச் சொன்னால் பன்னிரண்டில் நான்கு என்று எழுதும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டியிருக்கிறது. ஒருமுறை நேர்ந்தால் அது கைதவறலாக இருக்கலாம். மூன்று கணக்கிலும் அதே பிழை வந்தால் கூட்டல் பயிற்சியை நிறுத்திவிட்டுச் சமபின்னப் பாடத்துக்குத் திருப்ப வேண்டும். நல்ல ஆசிரியர் கொப்பியைப் பார்த்தவுடன் செய்வதும் இதையேதான். ஆனால் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கு எல்லாக் கொப்பியையும் அப்படிப் பார்க்க நேரம் ஏது?

இந்த முறைக்கு ஆதரவான வலுவான சான்று டில்லியிலிருந்து வருகிறது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்திரோ கனிமியன் மூவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, மைண்ட்ஸ்பார்க் என்னும் கற்றல் மென்பொருளைப் பாடசாலை நேரத்துக்குப் பின் மையங்களில் பயன்படுத்திய மாணவர்களை, குலுக்கலில் அந்த வாய்ப்புக் கிட்டாதவர்களோடு ஒப்பிட்டது. ஏறத்தாழ நாலரை மாதத்தில் வாய்ப்புப் பெற்றவர்கள் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்க அளவு மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறினர். ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்ததும் அதில் தெரியவந்தது. பாடத்திட்டப்படி ஆறாம் வகுப்புப் பாடத்தையே ஊட்டிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு எதுவும் ஏறாது. ஆகவே பரிந்துரையே வீண் என்ற வாதம் இங்கே நிற்காது. ஆயினும் அந்த மையங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கணினியும் குறித்த நேரமும் இருந்தன. சிறு குழுவாக உட்காரவைத்து ஒருவர் சொல்லியும் கொடுத்தார். நிரல் கண்டது தடையற்ற சான்று.

கொத்மலையின் முயற்சி எதிர்முனையிலிருந்து தொடங்கியது. மகாவலி ஆற்று அபிவிருத்தித் திட்டத்தை ஒட்டி உருவான சமுதாய வானொலிகளில் ஒன்றான கொத்மலை சமுதாய வானொலி 1989இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு அதற்கு இணைய இணைப்புக் கிடைத்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினிகள் வைக்கப்பட்டன. நேயர்கள் தங்கள் கேள்விகளை அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, தேவைப்பட்டால் துறை அறிந்த ஒருவரை ஒலிவாங்கியின் முன் அமர்த்தி, ஆங்கிலப் பக்கத்தில் உள்ளதை நேயர்களுக்குப் புரியும் மொழியில் சொல்வார். எல்லாருக்கும் ஒரே ஒலிபரப்பு என்பதால் கறாரான பொருளில் இது தனியாள் பரிந்துரை ஆகாதுதான். ஆனால் எந்தப் பாடம் என்று முடிவுசெய்தது கேட்டவரின் கேள்வி. விடையை மட்டும் பார்க்கும் நிரலுக்கு அந்தச் சான்று கிடைப்பதேயில்லை.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. தனக்கு எது தெரியவில்லை என்பதே தெரியாத பிள்ளை எதைக் கேட்கும்? பன்னிரண்டில் நான்கு என்று எழுதியவனுக்குத் தன் விடை சரி என்றே நினைப்பு. சமபின்னத்தைப் பற்றி அவன் கேள்வி அனுப்பமாட்டான். மறுப்பு சரியே. ஆதலால் கேள்வி விடையின் இடத்தைப் பிடிக்க முடியாது. அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். விடை இடைவெளியைக் காட்டும். கேள்வி, பிள்ளை எதற்காகப் படிக்கிறது, எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்பதைச் சொல்லும்.

விடை குறைபட்டு, அதன் பக்கத்தில் கேள்வியும் இல்லாதபோது என்ன நேரும் என்பதை, 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் மலையகம் இருந்த நிலையைக் கொண்டு காணலாம். பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்துக்கும் மாறின. பூண்டுலோயா, இறம்பொடைப் பக்கத் தோட்டங்களில் ஒரு லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், கிடைக்கும் சிக்னல் அடுத்த லயத்தில் கிடைக்காமல் போகலாம். வீட்டுக்கு ஒரு போன். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளை கைக்கு வரும், அக்காவும் தம்பியும் ஒரே கணக்கில் நுழைவார்கள். இந்தச் சூழலில் பரிந்துரை நிரல் ஒன்றை வைத்தால், டேட்டா தீர்ந்து நின்ற காணொளியை ஆர்வமின்மை என்று அது எண்ணும். அக்காவின் விடையைத் தம்பியின் அறிவாகக் கணக்கில் ஏற்றும். பிறகு இருவருக்குமே பொருந்தாத பாடத்தைக் கொடுக்கும். தரவு பெருகினால் இப்பிழைகள் தாமே கரையும் என்பார்கள் நிரல் வல்லுநர்கள். கைதவறல் போன்ற தற்செயல் பிழைகள் கரையும். இவை ஒவ்வொரு மாலையும் ஒரே திசையில் வருபவை. தரவு கூடக்கூடத் தவறான முடிவே உறுதிப்படும்.

ஆகவே மலையகத்துக்கான பரிந்துரை அமைப்பில் சில ஏற்பாடுகள் முதலிலேயே இருக்க வேண்டும். ஒரே போனில் பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். இணைப்பு அறுந்ததும் பிள்ளை தானே விலகியதும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். இந்தப் பாடம் ஏன் கொடுக்கப்பட்டது என்பது ஆசிரியருக்குத் தமிழில் ஒரு வரியாகத் தெரிய வேண்டும். அது தவறு என்று கண்டால் மாற்றும் உரிமையும் அவருக்கு வேண்டும். பிள்ளை தன் கேள்வியைக் குரலில் பதிந்து அனுப்ப ஒரு பொத்தானும், அதைக் கேட்டுப் பதில் சொல்லச் சம்பளத்தோடு நேரம் ஒதுக்கப்பட்ட ஓர் ஆசிரியரும் வேண்டும்.