மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வுகள்

மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வுகள் என்பன, கிரிகோர் மெண்டல் என்னும் அகுஸ்தீனியத் துறவி 1856 முதல் 1863 வரை புருன் நகரின் (இன்று செக் குடியரசிலுள்ள பிர்னோ) புனித தோமா மடத்துத் தோட்டத்தில் நடத்திய கலப்பினச் சோதனைகள் ஆகும். பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளில் கலந்து கரைந்து விடுவதில்லை, தனித்தனி அலகுகளாகவே கடத்தப்படுகின்றன என்பதை இவை காட்டின. அவ்வலகுகளே பின்னாளில் மரபணுக்கள் எனப் பெயர் பெற்றன.

ஆய்வுமுறை

பட்டாணிப் பூவின் இதழ்கள் மகரந்தத்தாள்களையும் சூலகமுடியையும் மூடியிருப்பதால் அது தன்மகரந்தச் சேர்க்கையே செய்கிறது. மெண்டல் 34 வகை விதைகளை இரண்டு ஆண்டுகள் வளர்த்துப் பார்த்து, பண்பு மாறாத 22 வகைகளைத் தெரிவு செய்தார். கலப்புச் செய்யவேண்டிய பூவை மொட்டிலேயே பிரித்து, மகரந்தத்தாள்களை அகற்றி, வேறொரு செடியின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தூவினார். விதையின் வடிவம், விதையிலையின் நிறம், தண்டின் உயரம் உள்ளிட்ட ஏழு பண்புகள் ஆராயப்பட்டன.

மூன்றுக்கு ஒன்று

உருண்டை விதை வகையையும் சுருங்கிய விதை வகையையும் கலந்தபோது கிடைத்த விதைகள் அனைத்தும் உருண்டையாகவே இருந்தன. இவ்வாறு வெளிப்படும் பண்பு ஓங்கு பண்பு எனவும், மறைந்து நிற்பது ஒடுங்கு பண்பு எனவும் அழைக்கப்படும். இக்கலப்பினச் செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டபோது 5474 உருண்டை விதைகளும் 1850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன; விகிதம் 2.96:1. மறைந்த பண்பு சிதையாமல் திரும்பி வந்தது.

மெண்டலின் உண்மையான நுட்பம் அடுத்த தலைமுறையில்தான் உள்ளது. உருண்டை விதைகளிலிருந்து வளர்ந்த 565 செடிகளில் 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. 372 செடிகள் இருவகை விதைகளையும் தந்தன. எனவே பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் உருண்டை விதைகளில் மூன்றில் ஒரு பங்கே தூயவை. 3:1 என்பதன் உள்ளே 1:2:1 ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு செடியிலும் ஒரு பண்புக்கு இரு காரணிகள் உண்டு, பாலணுவுக்கு அவற்றுள் ஒன்றே செல்கிறது என்று கொண்டால் இது விளங்கும். இதுவே தனித்துப் பிரிதல் விதி.

இரு பண்புகளை ஒருங்கே ஆராய்ந்தபோது 556 விதைகள் 315, 101, 108, 32 என நான்கு வகையாகப் பிரிந்தன. இது 9:3:3:1 விகிதத்துக்கு நெருங்கியது. ஒரு பண்பின் காரணிகள் மற்றதைச் சாராமல் பிரிகின்றன என்பது இதன் பொருள்.

பிசரின் ஐயம்

மெண்டலின் கட்டுரை 1866 இல் வெளியானது. அவர் 1884 இல் மறைந்த பின், 1900 இல் தெ விரீசு, கோரன்சு, செர்மாக் ஆகியோர் வழியாகவே அது கவனம் பெற்றது. 1936 இல் புள்ளியியலாளர் பிசர், அவ்வெண்கள் நம்பமுடியாத அளவு பொருந்துகின்றன என்றார். தண்டின் உயரம் போன்ற பண்புகளில் மெண்டல் ஒரு செடிக்குப் பத்து விதைகளையே விதைத்துச் சோதித்தார். கலப்பினச் செடியின் பத்துப் பிள்ளைகளுமே ஓங்கு பண்பைக் காட்ட நூற்றில் ஏறத்தாழ 6 வாய்ப்பு உண்டு. அச்செடி தூயது எனத் தவறாக எண்ணப்படும். ஆகவே எதிர்பார்க்கத்தக்கது 2:1 அன்று, ஏறத்தாழ 1.7:1. மெண்டல் பதிந்ததோ 600 செடிகளில் 399:201. இது திருத்தலா, தற்செயலா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. எனினும் விதிகள் பிறரால் மீண்டும் மீண்டும் உறுதி செய்யப்பட்டமையால் அவை இதனால் பாதிக்கப்படவில்லை.

வரம்புகள்

எல்லாப் பண்புகளும் இவ்வாறு ஓங்கியும் ஒடுங்கியும் நிற்பதில்லை. அந்திமந்தாரையில் சிவப்பும் வெள்ளையும் கலந்தால் இளஞ்சிவப்புப் பூக்கள் தோன்றும். அடுத்த தலைமுறையில் மூன்று நிறங்களும் 1:2:1 ஆக வெளிப்படும். ஒரே நிறப்புரியில் அருகருகே அமைந்த மரபணுக்கள் சார்பின்றிப் பிரிவதும் இல்லை.

சுருங்கிய விதைக்கான காரணம் 1990 இல் அறியப்பட்டது. மாவுப்பொருளில் கிளைகளை உண்டாக்கும் நொதிக்கான மரபணுவில் ஒரு டி.என்.ஏ துண்டு இடையே புகுந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. இதனால் விதையில் சர்க்கரை மிகுந்து, நீர் அதிகம் ஏறி, காயும்போது தோல் சுருங்குகிறது.