பனஞ்சிலாகை போன வழி

பனைக்கு வைரம் வெளியே, சோற்றி உள்ளே. அதனால்தான் தொல்காப்பியம் அப்படிப்பட்டவற்றை மரத்தோடு சேர்க்காமல் புல்லோடு வைத்தது. தச்சு வேலைக்கு அந்தப் புல் எந்த மரத்துக்கும் சளைத்ததல்ல. நன்றாக முற்றிய பனையைத் தறித்து, ஆப்பிறுக்கி நெடுக்காகப் பிளந்து, சோற்றியைச் செதுக்கி எறிந்தால் மிஞ்சும் கரிய வைரமே சிலாகை. ஆணி எளிதில் இறங்காது. துளையிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனைமரம் கொழும்புக்கும் தமிழகக் கரைக்கும் கப்பலேறியது.

மட்டக்களப்பின் எழுவான்கரை ஊரான வந்தாறுமூலையில் ஓட்டுக்கூரைக்கு ஏறிய சிலாகை அங்கே தனித்து வேலை செய்வதில்லை. இரண்டு சிலாகைகள் முகட்டில் தலைமுட்டிச் சாய்ந்து நிற்கும். மேலே ஓட்டின் பாரம் ஏறியதும் அவற்றின் கால்கள் சுவரை வெளியே தள்ளப் பார்க்கும். தள்ளவிடாமல் இரண்டு காலையும் இழுத்துப் பிடிப்பது குறுக்கே போகும் தீராந்தி. முக்கோணம் அங்கே மூடுகிறது; ட்ரஸ் பிறக்கிறது. நடுவில் நிற்கும் கட்டைதான் எல்லோரையும் ஏமாற்றுவது. முகட்டை அது தாங்குவதுபோலத் தோன்றும். உண்மையில் அது முகட்டிலிருந்து தொங்கிக்கொண்டு, தீராந்தி தொய்யாதபடி தூக்கிப் பிடிக்கிறது. பாரம் கீழ்நோக்கி இருக்கும்வரை இந்தக் கணக்கு பிசகாது.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பில் அடித்த சூறாவளி கணக்கைத் தலைகீழாக்கியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். தென்னந்தோட்டங்கள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, கூரையின் ஒரு சதுர மீட்டரை நூறு கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு மேலே உறிஞ்சக்கூடும். ஓடு அதில் பாதியளவு பாரமே தரும். அஸ்பெஸ்டஸ் சீற் அதைவிட மிகக் குறைவு. அப்போது இழுபட்டுக் கிடந்த தீராந்தி நெருக்கப்படுகிறது, நெருக்கப்பட்ட சிலாகை இழுபடுகிறது. சிலாகை அதைத் தாங்கிவிடும். கூரையின் கால் வெறும் பாரத்தால் சுவரில் உட்கார்ந்திருந்தால், அங்கேதான் எல்லாம் கழன்றுபோகும். மரத்தைக் குறை சொல்வது வீண், பிழை கட்டிய விதத்தில்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு இங்கே எழும்பிய வீடுகளில் சிலாகையின் இடத்தை இரும்புக் குழாய் பிடித்துக்கொண்டது. பனை தறிக்க அனுமதி வேண்டும். நல்ல சிலாகை கிடைப்பதும் அரிது. இரும்பு கறையானுக்கு அஞ்சாது, ஆனால் உப்புக்காற்றில் மூட்டுவாயில் துரு பிடிக்கும். எடையிலும் குறைவு என்பதால் காற்றுக்கு அது இன்னும் வசதி. பிரித்தெடுத்த பழைய சிலாகை பழுதில்லாமல் இருந்தால் இன்னொரு கூரைக்கு ஏறுகிறது. என் கட்சி சிலாகைதான், கிடைத்தால்.

எதைப் போட்டாலும் சரி, சீலிங் அடிக்கும் முன் ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். சுவர் உச்சியில் கொங்கிறீட் கட்டு ஓடுகிறதா, அதில் பதித்த போல்ட் ட்ரஸ்ஸின் காலைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஓடாவியைக் கூலி கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்குமுன் கட்டும் போல்ட்டும் போடும் வேலையை முடிப்பியுங்கள்.