ஆழத்துக்கு ஒரு ஜன்னல்

மூக்குக்கு நேரே ஒரு விரலை நிறுத்தி, முதலில் ஒரு கண்ணையும் பிறகு மறு கண்ணையும் மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தாவும். நம் கண்களுக்கு நடுவே ஏறக்குறைய 65 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால் வரும் தாவல் இது. இந்த வேறுபாடுதான் ஆழத்தைக் காட்டுகிறது என்று நிரூபித்தவர் சார்லஸ் வீட்ஸ்டோன். பள்ளியில் படித்தோமே வீட்ஸ்டோன் சமனச்சுற்று, அதே வீட்ஸ்டோன்தான்.

1838இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தன் கருவியை அவர் விவரித்தார். செங்கோணத்தில் நிறுத்திய இரண்டு கண்ணாடிகள். இருபுறமும் ஒவ்வொரு படம். இடக்கண் இடப்பக்கத்துப் படத்தை மட்டும் பார்க்கும்; வலக்கண் வலப்பக்கத்தை. ஸ்டீரியோஸ்கோப் பிறந்தது. புகைப்படக்கலை அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான். அவர் வைத்தவை வெறும் கோட்டோவியங்கள். நிழலோ வண்ணமோ இருந்தால் ஆழம் அதனால் வந்தது என்று யாரும் சொல்லிவிடலாம் அல்லவா? கோடுகள் மட்டுமே எழுந்து நின்றபோது மறுக்க வழியே இல்லை. இத்தனை நேர்மையான சோதனையை அறிவியலில் நான் அதிகம் கண்டதில்லை.

பிறகு டேவிட் ப்ரூஸ்டர் கண்ணாடிகளுக்குப் பதில் லென்ஸ்களை வைத்துக் கருவியைக் கையடக்கமாக்கினார். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் விக்டோரியா மகாராணி அதை ரசித்த பின், வீடுதோறும் மோகம் பரவியது. அமெரிக்காவில் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் எளிய கைக்கருவி ஒன்றை வடிவமைத்து, காப்புரிமை கோராமல் எல்லோருக்கும் விட்டுவிட்டார்.

இரண்டு படங்களையும் அருகருகே ஒட்டிய ஸ்டீரியோ அட்டைகள் பெருகியபோதுதான் ஓரங்களின் அருமை புரிந்தது. ஸ்டீரியோ படத்தில் சட்டம் என்பது ஜன்னல். நிஜ ஜன்னல் வழியே பார்க்கும்போது, வெளியே இடது ஓரத்தில் வலக்கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். வலது ஓரத்தில் இடக்கண்ணுக்கு. படங்களையும் அப்படியே நறுக்கி ஒட்டினால் காட்சி ஜன்னலுக்கு அப்பால் அமைதியாக விரியும். மாற்றி நறுக்கினால் காட்சி சட்டத்துக்கு முன்னே வந்துவிடும். முன்னே நிற்கும் ஒரு மரக்கிளையைப் பின்னாலிருக்கும் சட்டம் எப்படி வெட்ட முடியும்? கண் ஒன்று சொல்ல, ஓரம் வேறொன்று சொல்ல, மூளை திணறும், ஆழமே குலைந்துபோகும். இரண்டு படங்களையும் இடம் வலமாக மாற்றி ஒட்டிவிட்டாலோ இன்னும் விபரீதம்: மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும்.

லென்ஸைச் செய்தவர்களின் பெயர்கள் நிலைத்தன. கத்தரியும் பசையுமாக உட்கார்ந்து அந்த ஜன்னலை அமைத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அட்டையில் இல்லை. ஆழத்தில் பாதி அவர்கள் கைவேலை.

பழைய ஸ்டீரியோ அட்டை எங்காவது உங்கள் கைக்குக் கிடைத்தால், ஓரம் கோணலாக இருக்கிறதே என்று தயவுசெய்து நறுக்கிவிடாதீர்கள்.