வாட்ஜ் பேங்க் இழுவைமடி ஆய்வுகள்

கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வாட்ஜ் பேங்க் என்னும் கடலடி மேட்டில் மீன்வளத்தை மதிப்பிட நடந்துவரும் ஆய்வுகள் இவை. மடி என்னும் வலையைக் கடல்தரையோடு இழுத்து, விழுந்த மீனை இனம் பிரித்து எடைபோடுவதே முறை. கலவா, விளமீன், சங்கரா ஆகியவை இப்பகுதியின் முக்கிய மீன்கள்.

இலங்கை அரசின் ‘லில்லா’ கப்பல் 1920 முதல் 1923 வரை தொடக்க ஆய்வை நடத்தியது. அதன் முடிவுகளை ஆய்வாளர் மால்பாஸ் 1926இல் வெளியிட்டார். 1928இல் ‘புல்புல்’ என்னும் கப்பல் இங்கே வணிக மீன்பிடிப்பைத் தொடங்கியது. ஏறக்குறைய அக்காலத்திலேயே சென்னை மாகாண அரசின் ‘லேடி கோஷன்’ கப்பலும் தென்கடலை ஆராய்ந்தது. 1976ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வாட்ஜ் பேங்க் இந்தியாவின் உரிமைக்குள் வந்தது. 1946இல் மும்பையில் ஆழ்கடல் மீன்பிடி நிலையமாகத் தொடங்கி, 1983 முதல் இந்திய மீன்வள அளவைத் துறையாக இயங்கும் நிறுவனம் இத்தகைய ஆய்வுகளை நடத்துகிறது.

ஆய்வின் கணக்கு எளிது. 15 மீட்டர் அகலம் விரியும் மடியை மணிக்கு 3 கடல்மைல் வேகத்தில் ஒரு மணி நேரம் இழுத்தால் சுமார் 0.083 சதுர கிலோமீட்டர் தரை வாரப்படும். அதில் 100 கிலோ மீன் கிடைத்தால், சதுர கிலோமீட்டருக்கு 1.2 டன் என்றாகும். ஆனால் மடியின் பாதையில் இருந்த மீனில் பாதி தப்பியிருந்தால், உண்மையான இருப்பு 2.4 டன். தப்பிய பங்கை நேரில் எண்ண முடியாது; அனுமானித்தே ஆகவேண்டும். முறையின் பெரிய பலவீனம் இதுதான்.

வேறு பலவீனங்களும் உண்டு. கலவா பாறைப் பார்களில் ஒதுங்கி வாழ்வது; அங்கே மடி இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் தூண்டிலும் மீன்கூடும் இல்லாமல் அதன் அளவு பிடிபடாது. காரல் போன்றவை இரவில் தரையைவிட்டு மேலெழுவதால், பகல் இழுப்பையும் இரவு இழுப்பையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. தென்மேற்குப் பருவக் காற்றில் கடல் கொந்தளிக்கும்போது ஆய்வு தடைபடும்.

கருவியின் சிறு பிழையும் ஐயத்தை எழுப்பும். அமெரிக்காவின் ‘அல்பட்ராஸ் 4’ ஆய்வுக் கப்பலில் மடியின் இரு வடங்களும் சமமாக இல்லாதது 2002இல் தெரியவந்தபோது, மீனவர்கள் ஆய்வு முடிவுகளையே ஏற்க மறுத்தனர். மீன்கணக்கை அப்பிழை பெரிதும் மாற்றியதற்கு உறுதியான சான்று பின்னர் கிடைக்கவில்லை. ஆயினும் இழந்த நம்பிக்கையை மீட்பது கடினமாயிற்று.

ஆகவே ஒரே ஆய்வின் டன் கணக்கை மொத்த இருப்பாகக் கொள்வது தவறு. அதே வகை மடி, அதே வேகம், அதே பருவம் என ஆண்டுதோறும் திரும்பச் செய்தால், இருப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஆய்வு நம்பகமாகக் காட்டும். தாய்லாந்து வளைகுடாவில் 1961 வாக்கில் மணிக்கு ஏறத்தாழ 300 கிலோவாக இருந்த பிடிப்பு, பின்னர் பன்மடங்கு சரிந்ததை உலகுக்கு உணர்த்தியது அத்தகைய தொடர் ஆய்வே. வணிகப் படகுகள் மீன் மிகுந்த இடத்தையே நாடுவதால் அவற்றின் பிடிப்பு அச்சரிவை மறைத்துவிடக்கூடும். துறைமுகங்களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் திரட்டும் பிடிப்புக் கணக்கோடு ஆய்வுத் தொடரையும் ஒப்பிட்டே மதிப்பீடு செய்யவேண்டும்.