கடலில்லா நகரமும் கடலை நோக்கிய கண்களும்

பெங்களூரு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், அலையோசை எட்டாத பீடபூமியில் அமைந்த நகரம். ஆயினும் இந்தியக் கடற்பரப்பை வானிலிருந்து கண்காணித்த வரலாற்றை எழுதப் புகுவோர் இந்நகரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. கடற்கரை மீட்புப் பணியில் இன்று பெரிதும் பேசப்படும் டிரோன் கேமராவை அவ்வரலாற்றின் தொடர்ச்சியாகக் காண்பதே பொருத்தம்.

பெங்களூருவில் உருவாக்கப்பட்ட ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோள் 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. அதன் கேமராக்களுள் கூர்மை மிக்கவற்றுக்கும் ஒரு பிக்சல் என்பது ஏறத்தாழ 36 மீட்டர் நிலப்பரப்பு. கரையின் போக்கையும் முகத்துவார மணல்திட்டுகளையும் அறிய அது போதுமானது. 1990 முதல் 2018 வரை இந்தியக் கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளானது எனச் சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆய்வு மையம் கணக்கிட்டதும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டுதான். ஆனால் பத்து மீட்டர் நாட்டுப்படகு ஐஆர்எஸ்-1ஏ-இன் கண்ணுக்குப் புலப்படாதது.

காண இயலாததைக் கேட்க முயன்றது அடுத்த கட்டம். 1992 ஜூலையில் ஏவப்பட்ட இன்சாட்-2ஏ, 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எழும் அபாயச் சமிக்ஞைகளைத் தரைக்கு அனுப்பும் கருவியைச் சுமந்து சென்றது. அத்தகைய சமிக்ஞைகளைப் பெற்று மீட்புப் படையினருக்குத் தெரிவிக்கும் இந்திய மையம் பெங்களூருவின் இஸ்ட்ராக் வளாகத்தில் இயங்குகிறது. எனினும், சமிக்ஞை எழுப்பும் கருவி இல்லாத படகின் குரல் அச்செவிக்கும் எட்டாது.

இவ்விடைவெளியின் விலையை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் காட்டியது. செயற்கைக்கோள்கள் புயலைக் கண்டன. ஆழ்கடலில் இருந்த குமரி, கேரள மீனவர் பலருக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. கரையிலிருந்து 10–12 கிலோமீட்டருக்கு அப்பால் வழக்கமான தொலைத்தொடர்பு அவர்களுக்கு இல்லை. பலர் திரும்பவேயில்லை. 2019இல் அறிமுகமான ஜெமினி கருவி ககன் செயற்கைக்கோள்களின் வழியே எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டு சென்றது. மறுமொழி அனுப்பும் வசதி அதில் இல்லை. 2024இல் இஸ்ரோ வெளியிட்ட இரண்டாம் தலைமுறை அபாய எச்சரிக்கைக் கருவியில்தான், ‘உங்கள் அழைப்பு கிடைத்தது’ என்னும் மறுமொழி கடலில் தவிப்பவரைச் சென்றடைந்தது.

டிரோன் இந்த வரிசையில் மிகத் தாழப் பறக்கும் கண். கரையில் நிற்பவருக்கு அமைதியான நீராகத் தோன்றும் இழுப்பு நீரோட்டம், மேலிருந்து நோக்கினால் வெண்ணுரை வரிகளுக்கிடையே ஒரு கரிய இடைவெளியாகத் தெரியும். 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் லெனாக்ஸ் ஹெட் கடற்கரையில், மீட்புக் காவலர் இயக்கிய டிரோன் ஏறத்தாழ 70 வினாடிகளில் மிதவையை வீசியது. அதைப் பற்றிக்கொண்டு இரு இளைஞர்கள் கரை சேர்ந்தனர். ஆளில்லா விமானம் என்று அதை அழைக்கிறோம். அன்று அது பயன்பட்டதோ, பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் கரையில் இருந்ததால்.

ஆகவே, இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர்கள் கேமராவின் கூர்மையை மட்டும் அளந்து அமைதியடையலாகாது. அப்படம் யாரிடம் செல்கிறது, எத்தனை நிமிடத்தில் செல்கிறது, அதைக் கண்டவுடன் கடலில் இறங்க யார் இருக்கிறார் என்னும் வினாக்களும் தொழில்நுட்ப வரலாற்றுக்கு உரியவையே. ஒக்கியில் தவறியது பார்வையன்று. பார்த்ததைச் சொல்லும் வழி.