பொன்மலைப் பணிமனைக் காட்சி (ரயில் மாதிரியமைப்பு)

திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலை ரயில்வே பணிமனையை முன்மாதிரியாகக் கொண்டு, கொட்டகைகள், யார்டு, பழுதுக்குக் காத்திருக்கும் பெட்டிகள் ஆகியவற்றைச் சிற்றளவில் அமைப்பது இக்காட்சி. ரயில் மாதிரியமைப்பில் 'தொழிற்கூடக் காட்சி' எனப்படும் வகையைச் சேர்ந்தது. அழுக்கு, துரு, வெயில் வெளுப்பு ஆகியவற்றை வண்ணத்தால் ஏற்றும் 'வெதரிங்' வேலையே இதன் உயிர்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் பொன்மலைக்கு இடம்பெயர்ந்தது. நீராவி, டீசல் என்ஜின்கள், பயணிகள் பெட்டிகள், சரக்கு வேகன்கள் என எல்லாமே இங்கே பழுதுபார்க்கப்பட்டிருக்கின்றன. நீலகிரி மலை ரயிலுக்கான 'எக்ஸ்' வகைப் பல்சக்கர நீராவி என்ஜின்களை அண்மைக் காலத்தில் புதிதாகவே கட்டிய இடமும் இதுதான். ஆகவே மீட்டர்கேஜ், பிராட்கேஜ், நீராவி, டீசல் அனைத்தையும் பொய்யில்லாமல் ஒரே பலகையில் நிறுத்தலாம். 1946 செப்டம்பர் 5 அன்று வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்த மண் இது. அந்தக் காலத்தைக் காட்சியாக்குபவர் தொழிலாளர் உருவங்களை வெறும் இட நிரப்பிகளாக வைத்துவிடக் கூடாது.

அளவைத் தேர்வதில் ஓர் இடர் உண்டு. உலகில் பரவலாகப் புழங்கும் 'எச்ஓ' அளவு 1:87. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இது 1,435 மி.மீ. பாதைக்குரியது. இந்திய பிராட்கேஜின் 1,676 மி.மீ. இவ்வளவில் 19 மி.மீட்டருக்குச் சற்று மேல் வரும். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தைப் போட்டால் பெட்டி அகலமாகவும் பாதை ஒடுங்கியும் தெரியும். பெரும்பாலோர் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். பணிமனைக் காட்சியில் வண்டி ஓட்டம் குறைவு என்பதால், ஓடாத பாதைகளையாவது சரியான இடைவெளியில் கையால் பதிப்பது நல்லது. மீட்டர்கேஜுக்கு 12 மி.மீ. தண்டவாளம் ஏறத்தாழப் பொருந்தும்.

வெதரிங் குறித்த கையேடுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகின்றன. பாசியும் ஈரக் கறையும் அந்த ஊர்களின் உண்மை. திருச்சியில் வெயிலும் புழுதியும்தான் முதல் வேலையாட்கள். ஐப்பசி, கார்த்திகை மழை அடுத்து வரும். எந்தக் கறையை இடும் முன்பும் அது எதனால் வந்தது என்று கேட்டுக்கொண்டால் கை தவறாது.

சென்னைப் பெட்டித் தொழிற்சாலையின் (ஐ.சி.எஃப்.) பழைய பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் துரு எல்லா இடத்திலும் ஒரே அளவில் பிடிப்பதில்லை. கழிப்பறைத் தண்ணீர் ஊறும் இரு முனைகளிலும், வாசற்படியை ஒட்டியும், பக்கத்தகட்டின் கீழ் விளிம்பிலும்தான் தகடு முதலில் அரிக்கும். மாதிரியில் இந்த இடங்களுக்கு முதலில் செம்பழுப்பு நிறம் பூசிக் காயவிட வேண்டும். அதன்மேல் ஹேர்ஸ்ப்ரே அடித்து, பிறகு பெட்டியின் நிறத்தைப் பூச வேண்டும். மேல்பூச்சு முற்றிலும் இறுகுமுன் ஈரத் தூரிகையால் மெல்லத் தட்டினால், அது செதிள் செதிளாக உரிந்து அடியிலுள்ள துரு வெளிப்படும். 1990-களில் நீலத்துக்கு மாறிய பெட்டியானால், நீலத்துக்கும் துருவுக்கும் நடுவே பழைய அரக்குச் சிவப்பு மெல்லிய விளிம்பாகத் தெரிய வேண்டும். அந்த ஒரு விளிம்பு பெட்டியின் வயதைச் சொல்லிவிடும். போகியின் (சக்கரங்களைத் தாங்கும் சட்டகத்தின்) மேலும் சக்கரங்களின் மேலும் பிரேக் கட்டைத் தூசியின் மங்கிய பழுப்பு. ஆக்ஸில் பெட்டியைச் சுற்றி மட்டும் கிரீஸின் கரிய பளபளப்பு. பெட்டியின் கூரைதான் வெயிலை முழுதாக வாங்குகிறது. பக்கங்களைவிட அது வெளுத்திருக்க வேண்டும்.

கொட்டகைக் கூரைத் தகட்டில் துரு தொடங்குமிடம் ஆணித்துளையும் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் விளிம்பும். அங்கிருந்து மழைநீர் வழிந்த திசையில் மட்டுமே கோடு இறங்கும். நுனித் தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு போதும். குறுக்கே பூசினால் காட்சி கெட்டுவிடும்.

தரையில் அளவுப் பிழை எளிதில் நுழையும். 50 மி.மீ. ஜல்லி 1:87-ல் 0.6 மி.மீட்டருக்குள் அடங்கிவிடும். காவிரி மணலைச் சலிக்காமல் கொட்டினால் பாறாங்கல்லாகத் தெரியும். செங்கல் பொடியும் சலித்த செம்மண்ணும் நல்ல புழுதி நிறம் தரும். ஆனால் இரும்புத் தூளை ஓடும் பாதையருகே தூவலாகாது. மோட்டாரின் காந்தம் அதை உள்ளே இழுத்துப் பழுதாக்கும். யார்டு ஓரத்துக்குச் சீமைக்கருவேலம், நிழலுக்கு வேம்பு.

பின்னணித் திரையில் மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் பெரிதாக வரையும் ஆசை எழும். 1987-ல் நிறைவுற்ற ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. பொன்மலையிலிருந்து தொலைவு சுமார் 8 கி.மீ. திரைக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே தெரிய வேண்டும். இவ்வளவு சிறிய கோபுரத்தை நெட்டியில் செதுக்கலாம். நெட்டியில் கோயில் உருவங்கள் செய்வது காவிரிக் கரையின் பழைய கைத்தொழில். தஞ்சாவூர் நெட்டி வேலை புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. நெட்டியின் வெண்மையை அப்படியே விடாமல் சாம்பல் நீலத்தை மிக நீர்த்துப் பூசினால் தொலைவு கூடும்.

கடைசியாக மேட் வார்னிஷ் அடிப்பதுண்டு. அது தூள் நிறங்களை விழுங்கிவிடும் என்பதால், புழுதியை வேண்டிய அளவைவிடச் சற்றுக் கூடுதலாக ஏற்றி வைக்க வேண்டும். அல்லது கை படாத கூரை, தரைப் பகுதிகளில் புழுதியை வார்னிஷுக்குப் பிறகே தூவி, அப்படியே விட்டுவிடலாம்.